கணினிக்கு நிதி, ஆசிரியருக்குத் தேர்வு: தமிழக அரசுப் பள்ளிகளில் கணினிப் பயிற்றுநர் (1984–2019)

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில், சரவணம்பட்டியின் மென்பொருள் நிறுவனங்களைக் கடந்து வடகிழக்கே அமைந்துள்ளது அன்னூர். வேளாண்மையையும் விசைத்தறியையும் நூற்பாலைகளையும் சார்ந்த வட்டத் தலைநகர் இது. இவ்வட்டாரத்து அரசுப் பள்ளி மாணவர் அந்நிறுவனங்களை எட்டுவதற்கு, மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் கற்பிக்கத் தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அத்தகைய ஆசிரியரை உருவாக்குவதற்கு அரசு நிதி எவ்வாறு செலவிடப்பட்டது என்பதைக் கல்வி வரலாற்றாய்வுகள் போதிய அளவு பேசவில்லை. கணினி வாங்கிய கணக்கே மிகுதியும் பேசப்பட்டுள்ளது.

நடுவண் அரசு 1984-ஆம் ஆண்டு தொடங்கிய 'கிளாஸ்' திட்டம், ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் 'பிபிசி மைக்ரோ' கணினிகளை வழங்கியது. அக்கணினி பிரிட்டனில் உருவானது. அங்கு 1980 முதலே நுண்மின்னணுக் கல்வித் திட்டம் ஒன்று ஆசிரியர் பயிற்சிக்கென வட்டார மையங்களை நடத்தி வந்தது. இந்தியாவிலோ, ஏற்கெனவே வேறு பாடம் கற்பித்துவந்த ஆசிரியர்கள் சில வாரப் பயிற்சியுடன் வகுப்பறைக்குத் திரும்பினர். கருவியை இறக்குமதி செய்வது எளிது. அதைச் சூழ்ந்திருந்த பயிற்சி அமைப்பை இறக்குமதி செய்வது அத்துணை எளிதன்று.

தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பரவலானது 1999-க்குப் பின்னரே. எல்காட் நிறுவனத்தின் வாயிலாக நிகழ்ந்த இவ்விரிவாக்கத்தில், பயிற்றுநர்கள் ஒப்பந்த அடிப்படையில் குறைந்த தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டனர். கணினிப் பட்டயம் பெற்றிருந்த பலர் கல்வியியல் பட்டம் இன்றியே வகுப்பெடுத்தனர். பணிநிலைக்கும் பயிற்சிக்கும் இடையிலான உறவு இங்குக் கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு இருப்பாரோ என்று உறுதியில்லாத ஒருவரின் பயிற்சிக்கு நிதி ஒதுக்க எந்தத் துறையும் முன்வருவதில்லை. 2004 டிசம்பரில் வந்த நடுவண் அரசின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டமும் இப்போக்கையே வலுப்படுத்தியது. தனியார் நிறுவனமே கணினிகளை அமைத்து, இயக்கி, குறித்த காலத்திற்குப் பின் பள்ளியிடம் ஒப்படைக்கும் முறையை அது ஊக்குவித்தது. பயிற்றுநரும் அவ்வொப்பந்தத்திற்குள் ஓர் இனமாக அடங்கினார்.

இதன் விளைவு 2008-இல் வெளிப்பட்டது. பணியிலிருந்த கணினிப் பயிற்றுநர்களைப் பணிவரன்முறை செய்யும் பொருட்டு, 1,880 பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்புத் தேர்வு நடத்தியது. குறைந்தபட்ச மதிப்பெண் 50 விழுக்காடு என வகுக்கப்பட்டது. கல்வியியல் பட்டம் பெற்றும் வேலையின்றிக் காத்திருந்த கணினிப் பட்டதாரிகள் ஒருபுறம், பத்தாண்டுகள் வகுப்பெடுத்தவர்கள் மறுபுறம் என வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. நிறைவில் 652 பேர் பணியிழந்தனர். அவ்விடங்கள் பின்னர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி கல்வியியல் பட்டதாரிகளைக் கொண்டு நிரப்பப்பட்டன. சட்ட நோக்கில் இம்முடிவுக்குக் காரணங்கள் உண்டு. கல்வி வரலாற்று நோக்கில், முறையான தொடர் பயிற்சி அளிக்காமல் பத்தாண்டுகள் பணி வாங்கிய அரசு, அப்பயிற்சியின் பயனைத் தேர்வில் எதிர்பார்த்தது என்றே கொள்ள வேண்டும். இரு தரப்பினருமே தம் கல்விக்குத் தாமே செலவிட்டவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

பாடத்திட்டம் மாறியபோது சிக்கல் வேறு வடிவம் பெற்றது. ஸ்டார் ஆபீசும் சி++ மொழியும் கற்பித்து வந்தவர்கள், 2019-இல் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பைத்தான் கற்பிக்க வேண்டியதாயிற்று. 1999-இல் பணியேற்றவருக்கு அது கல்லூரியில் பயிலாத மொழி. அதே காலத்தில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்க நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019 ஜூனில் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு முதுகலைத் தகுதியுடன் தேர்வு நடைபெற்றது. தகுதி உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அத்தகுதியைப் பெறும் செலவு மீண்டும் விண்ணப்பதாரரையே சார்ந்தது.

ஒப்புநோக்க, பிரிட்டன் 2017 நவம்பரில் அறிவித்த 8.4 கோடி பவுண்டு ஒதுக்கீட்டின் நோக்கங்களுள் ஒன்று, பணியிலுள்ள ஏறத்தாழ 8,000 ஆசிரியர்களைக் கணினி அறிவியலில் மேம்படுத்துவது. இங்குப் பயிற்சி ஒரு தனிக் கணக்குத் தலைப்பாகவே நின்றது. தமிழகத்தில் அது ஆய்வகச் செலவின் ஓரத்தில் இடம்பெறுகிறது. அன்னூர் போன்ற ஊர்களில் பணியிடம் காலியாகும்போது, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே தற்காலிக ஆசிரியரைத் தேடுவது அரசுப் பள்ளிகளின் வழக்கமாக இருந்துவந்தது. அதே தகுதிக்குச் சரவணம்பட்டி நிறுவனமொன்று தரும் ஊதியம் அங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.