பீவர்களின் கலகம்

ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்ட பீவர்கள் மேடையில் சறுக்கிக்கொண்டு திரிகின்றன. மரத்தைக் கொறித்து ஆற்றில் அணை கட்டுமே, அந்தப் பிராணிதான். பீவர் தேசத்துத் தலைவன் மரப்பட்டையை எல்லாம் தானே பதுக்கிக்கொள்கிறான். மற்றவை சக்கரத்தில் உழைத்துத் தேய்கின்றன. துரத்தப்பட்ட ஓக்லீஃப் என்ற பீவர் திரும்பி வந்து கலகம் செய்கிறது. 1937 மே மாதம் நியூயார்க் அடெல்ஃபி தியேட்டரில் குழந்தைகளுக்காகப் போடப்பட்ட 'தி ரிவோல்ட் ஆஃப் தி பீவர்ஸ்' கதை இவ்வளவுதான்.

போட்டது அரசாங்கம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க 1935இல் ஆரம்பித்த ஃபெடரல் தியேட்டர் ப்ராஜெக்ட்டின் தயாரிப்பு அது. அதன் தலைவி ஹாலி ஃப்ளானகன். மேடையையே பார்த்திராத ஏழைப் பிள்ளைகள் அந்தத் திட்டத்தால்தான் தியேட்டருக்குள் வந்தார்கள்.

பெரியவர்களுக்குத் தெரிந்ததோ கார்ல் மார்க்ஸ். நியூயார்க் டைம்ஸின் ப்ரூக்ஸ் அட்கின்சன், குழந்தைப் பாட்டு வேஷத்தில் மார்க்சியம் என்கிற ரீதியில் கிண்டலடித்தார். நகரப் போலீஸ், பிள்ளைகளைக் கூட்டிப்போக வைத்திருந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. ஒரு மாத வாக்கில் நாடகமே நின்றுபோனது. நாடகத்தில் அரசியலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், அப்பட்டமாகவே இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

நியூயார்க் பல்கலைக்கழக உளவியல்காரர்கள் பார்த்த பிள்ளைகளிடமே கேட்டார்கள். சுயநலம் கூடாது என்றது ஒரு பிள்ளை. பீவர்களுக்கும் நம்மை மாதிரியே மரியாதை தெரியும் என்றது இன்னொன்று. உலகத்தில் எல்லாருமே ஒன்பது வயதாகச் சந்தோஷமாக இருக்கணும் என்றுகூட ஒரு பதில். வர்க்கப் போராட்டமா? ம்ஹூம்.

என் தொழில் புத்திக்கு அந்த சர்வே போதாது. நாடகம் பார்க்காத பிள்ளைகளோடு ஒப்பிடவேண்டாமா? 2014இல் வெளியான ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வு அதைத்தான் செய்தது. ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை 670 பேர். குலுக்கல் போட்டு, விழுந்த குழுக்களுக்கு 'ஹாம்லெட்' அல்லது 'எ கிறிஸ்மஸ் கேரல்' டிக்கெட், விழாதவர்களுக்கு இல்லை. எங்க ஆபீஸ் பாஷையில் சுத்தமான ஏ/பி டெஸ்ட். போனவர்களுக்குக் கதையும் சொற்களும் கூடுதலாக நினைவிருந்தன. சகிப்புத்தன்மையும், அடுத்தவர் கண்ணைப் பார்த்தே மனநிலையைக் கணிக்கும் திறனும் கூடியிருந்தன. புத்தகத்தைப் படித்ததையோ படத்தைப் பார்த்ததையோ வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

1938இல் விசாரித்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? டீஸ் கமிட்டி முன்னால் பீவர்களும் குற்றப்பத்திரிகையில் ஏறின. ஃப்ளானகன் ஒரு கட்டுரையில் மார்லோவைக் குறிப்பிட்டிருந்தார். அந்த ஆள் கம்யூனிஸ்டா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியரைப் பற்றித்தான் கேள்வி!

அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. 1939 ஜூன் 30, கடைசி நாள். நியூயார்க் ரிட்ஸ் தியேட்டரில் குழந்தைகளுக்கான 'பினாக்கியோ'. வழக்கமாக அந்த மரப்பொம்மை கடைசியில் நிஜப் பையனாகிவிடும். அன்றைக்கு ஆகவில்லை, செத்துப்போனது. நாடாளுமன்றச் சட்டத்தால் கொல்லப்பட்டான் என்று எழுதிய பெட்டிக்குள் அதைக் கிடத்தினார்கள். பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே மேடை ஆட்கள் வந்து செட்டைப் பிரித்துப் போட்டார்கள்.