கம்பியின் மறுமுனையில் யார்?

லினக்ஸ் கணினியில் ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிளைச் செருகினால் அதற்கு ‘டிடிஒய்யூஎஸ்பி0’ என்று பெயர் விழும. இதில் வரும் ‘டிடிஒய்’ என்பது டெலிடைப் என்ற சொல்லின் சுருக்கம். தந்தி அலுவலகங்களிலும் செய்தி நிறுவனங்களிலும் கடகடவென்று காகிதத்தில் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த இயந்திரம் அது. நம்மில் பெரும்பாலானோர் அதை அருங்காட்சியகத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் தராசையோ ஆர்டுயினோ பலகையையோ கணினியில் இணைக்கும்போது அதன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம்.

கடைகளுக்கான மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பில் போடும் பக்கம் பிரவுசரில் ஓடும், பக்கத்திலேயே மின்னணுத் தராசு இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் கேபிள். “எடை தானா வந்து விழாதா தம்பி?” என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கையால் எடையை அடிக்கும் இடத்தில் 1.250 என்பது 1.520 ஆகிவிடலாம், நஷ்டம் கடைக்காரருக்கோ வாங்குபவருக்கோ போய்ச் சேரும். ஆனால் அந்த ஒரு முழத்தைக் கடக்க இணையத்துக்கு ஏறக்குறைய 25 வருடம் ஆனது. ஏன் என்று தேடிப் போனால், கதை 19ஆம் நூற்றாண்டில் போய் நிற்கிறது.

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ 1874இல் ஒரு குறியீட்டு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள், எல்லாம் ஒரே நீளம். ‘பாட்’ என்று நாம் இன்று சொல்லும் வேக அளவு அவர் பெயரிலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கிரம், ஹோவர்ட் கிரம் என்ற தந்தையும் மகனும் இன்னொரு சிக்கலை அவிழ்த்தார்கள். எழுத்து எப்போது தொடங்குகிறது என்று மறுமுனை இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ‘இதோ வருது’ என்று ஒரு துடிப்பு, பின்னால் ‘முடிஞ்சுது’ என்று ஒரு துடிப்பு. அவ்வளவுதான். இன்றைய தராசும் இப்படித்தான் பேசுகிறது. 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகிறது, 9600 அடித்து 8ஆல் வகுத்த 1200 இல்லை. எட்டு பிட்டோடு முன்னும் பின்னும் இரண்டு பிட் சேர்ந்து பத்தாகிவிடுவதால்.

1960இல் அமெரிக்க மின்னணுத் தொழில்துறைச் சங்கம் ஆர்எஸ்-232 தரத்தை வெளியிட்டது. டெர்மினலை மோடத்தோடு இணைப்பதற்கான ஒப்பந்தம் அது. பிளஸ் 3 முதல் 15 வோல்ட் வரை பூஜ்யம், மைனஸ் பக்கம் அதே அளவு ஒன்று. அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒரு தரைக் கம்பி, மூன்று இருந்தால் பேச்சு நடக்கும். 1984இல் ஐபிஎம் பிசி ஏடி கணினியோடு ஒன்பது ஊசி வடிவம் பரவியது. 1996இல் யூஎஸ்பி வந்து, காலப்போக்கில் மடிக்கணினிகளிலிருந்து அந்தத் துளையே மறைந்தது. தராசு, பார்கோடு ரீடர், ஆய்வகக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் இவையெல்லாம் மட்டும் பழைய பேச்சை விடவில்லை. மலிவு, எளிமை, பத்து வருடம் கழித்தும் வேலை செய்யும். வேறென்ன வேண்டும்?

இந்தத் தரத்தில் ஒரு விஷயம் அறவே கிடையாது: மறுமுனையில் யார் என்ற கேள்வி. பெயர், கடவுச்சொல், அனுமதி எதுவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து போனால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் கேட்கத் தேவைப்படவில்லை.

இணையம் இதற்கு நேர் எதிரான இடத்தில் பிறந்தது. ஒரு சுட்டியைத் தொட்டால் முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல் நம் கணினியில் ஓடத் தொடங்கும். 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோதே அதைச் சுற்றிச் சுவரும் எழும்ப ஆரம்பித்தது. கோப்புகளைத் தொடாதே, கருவிகளைத் தொடாதே, அடுத்த தளத்தின் பக்கத்தை எட்டிப் பார்க்காதே. வந்த விருந்தாளி திண்ணையோடு நிற்க வேண்டும்.

திண்ணையிலிருந்து உள்ளே போக முதலில் ஓட்டை போட்டவை பிளக்இன்கள். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ், கையொப்பமிட்ட ஜாவா ஆப்லெட் என்று பல. ‘சரி’ என்று ஒருமுறை அழுத்திவிட்டால் ஆக்டிவ்எக்ஸ் நிரலுக்கு முழு வீடும் திறந்துவிடும். தராசும் கிடைத்தது, வைரஸும் கிடைத்தது. 2015 செப்டம்பரில் குரோம் தன் பழைய பிளக்இன் கதவை முழுசாக மூடியது.

பிறகு நாங்கள் எல்லோரும் கொல்லைப்புறமாகப் போனோம். அதே கணினியில் ஒரு சின்ன நிரலை நிறுவுவது, அது தராசோடு சீரியலில் பேசும், பிரவுசரோடு வெப்சாக்கெட்டில் பேசும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்பது யார் என்று அந்தச் சின்ன நிரல் சரிபார்க்காவிட்டால், வேறு டேபில் திறந்திருக்கும் எந்தப் பக்கமும் அதோடு பேசலாம். 2019 ஜூலையில் ஜூம் விஷயத்தில் உலகமே இதைப் பார்த்தது. மேக் கணினிகளில் ஜூம் நிறுவியிருந்த உள்சேவையகம் வழியாக, ஒரு வலைப்பக்கம் பயனரைக் கேமராவோடு கூட்டத்தில் சேர்த்துவிட முடிந்தது. ஜூமை நீக்கினாலும் அந்தச் சேவையகம் போகவில்லை. கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை அகற்றியது.

2021 மார்ச்சில் குரோம் 89 பதிப்போடு வெப் சீரியல் வந்தது. பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும், பயனர் தானே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பிரவுசர் காட்டும் பட்டியலிலிருந்து கருவியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த அந்த ஒரு கருவி மட்டும் கிடைக்கும். முழு வீட்டுக்குப் பதில் ஒரு சன்னல்.

எல்லோரும் ஏற்கவில்லை. 2020லேயே ஆப்பிள், தனியுரிமையைக் காரணம் காட்டி, சஃபாரியில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்த பட்டியலில் சீரியலும் இருந்தது. மொசில்லா அப்போது இதைத் ‘தீங்கானது’ என்றே வகைப்படுத்தியது. வெற்றுப் பயம் என்று இதைத் தள்ள முடியாது. 2018இல் இரண்டு ஆய்வாளர்கள், சீரியலின் உறவுக்காரனான வெப்யூஎஸ்பி வழியாக, யூபிகீ நியோ பாதுகாப்புச் சாவியோடு போலிப் பக்கமே பேச முடியும் என்று காட்டினார்கள். அந்தச் சாவியின் வேலையே போலிப் பக்கத்திடம் ஏமாறாமல் காப்பதுதான். அதற்கும் பயனரின் அனுமதி வேண்டியிருந்தது. ஆனால் அனுமதி கேட்கும் பெட்டியை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிரல் நிறுவ அனுமதியில்லாத பள்ளிக் கணினியில் உட்கார்ந்து ஒரு பிள்ளை தன் சின்னப் பலகையில் விளக்கை எரியவைக்கிறாள் என்றால், பிரவுசர் தந்த இந்தச் சன்னல்தான் காரணம். அதை மூடினால் அவளுக்கு நிரல்தொகுப்பே மூடிப்போகும். கடைக்காரருக்கோ மறுபடியும் யாரோ எழுதிய, யாரும் கவனிக்காத கொல்லைப்புற நிரல்தான் கதி. அபாயம் அங்கே குறையப்போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவே.

அதனால் நான் சன்னலின் பக்கம். ஒரு நிபந்தனையோடு. கிரம்கள் கண்டுபிடித்த ‘இதோ வருது’ துடிப்பு, எப்போது வருகிறது என்றுதான் சொல்லும், யார் அனுப்புகிறார் என்று சொல்லாது. நூறு வருடமாகக் கம்பியே அந்தப் பதிலைச் சொல்லிவந்தது. இப்போது கம்பியின் நுனியில் இணையம் இருக்கிறது, பதில் சொல்லும் பொறுப்பு அனுமதிப் பெட்டிக்கு வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் இருக்கும் இரண்டு வரியைத் தராசுக்காரருக்குப் புரிகிற தமிழில் எழுதுவதும் எங்கள் வேலைதான். அதை இன்னும் ஒழுங்காகத் தொடங்கவில்லை.