ஓதுதல்

பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் 'பிள்ளை ஓதப் போயிருக்கிறது' என்றால், மதரஸாவில் குர்ஆன் படிக்கிறது என்று பொருள். சொல்லோ பழந்தமிழ். சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். தொல்காப்பியம் தலைவன் பிரிவுக்கான காரணங்களுள் ஓதலையும் வைக்கிறது. அங்கே கல்விக்காகப் புறப்படுபவன் ஆண், காத்திருப்பவள் பெண்.

'குர்ஆன்' என்ற அரபுச் சொல்லின் வேரும் ஓதுதல், வாசித்தல்தான். முதலில் அருளப்பட்டதாக முஸ்லிம்கள் நம்பும் சொல் 'இக்ரஃ', அதாவது 'ஓதுவீராக'. இதைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் புதுச்சொல் தேடவில்லை. சைவர்களும் புழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். சமய இணக்கம் என்று நாம் பேசுவது இப்படித்தான், சத்தமில்லாமல், நாவில் நடந்திருக்கிறது.

ஓதுதலுக்கு ஒலிப்பது, கற்பது, கற்பிப்பது என மூன்று பொருளும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் பல. அது சொல்லின் குறையன்று, மார்க்கத்தின் குறையுமன்று, பழக்கத்தின் குறை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். மிச்சத்தை வீட்டிலிருந்தே ஓதி, 1938இல் 'காதலா? கடமையா?' நாவலை வெளியிட்டார்.