மரக்குதிரையும் மரவாத்தும்: உளி யார் கையில்?



வெளிநாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் பொழுதுபோக்காக மரத்தில் நாய், கரடி, பறவை என்று அச்சு அசலாகச் செதுக்குகிறார்கள். "நம்ம ஊரில் இந்தப் பழக்கமே கிடையாதா சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

மரத்தில் மிருகம் செய்வது நமக்குப் புதிதல்ல. இராமேசுவரம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை என்று எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் வாகனங்கள் வைத்திருக்கும் இடத்தை எட்டிப் பாருங்கள். யாளி, அன்னம், காமதேனு ஆகியவை கற்பனையில் பிறந்தவை. காளை, யானை, மயில், குதிரை ஆகியவை கண்ணால் பார்த்துச் செய்தவை. வெள்ளித் தகடோ பொன் தகடோ போர்த்திய வாகனங்களிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரம்தான்.

இவற்றில் குதிரைக்குத் தனிக் கதை உண்டு. காளை நம் வீட்டுக் கொட்டிலில் நின்றது. குதிரை கப்பலில் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, நம் மன்னார் வளைகுடாக் கரையில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன. பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார் என்றும், பராமரிக்கத் தெரியாததால் வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று குறித்திருக்கிறார்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உயிர்கள் நிலைக்கவில்லை. ஊர்க்கோடியில் அய்யனாருக்கு மண்ணில் செய்த குதிரையும், கோயிலில் மரத்தில் செய்த குதிரையும் நிலைத்துவிட்டன. பரமக்குடி வைகையில் சித்திரைத் திருவிழா பார்க்கிற பிள்ளைகளிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

சரி, அந்தக் குதிரையை எப்படிச் செய்தார்கள்? மரத்துக்கு நார் ஓட்டம் உண்டு. கால் போன்ற மெல்லிய பகுதி, நார் ஓடுகிற திசையிலேயே நீளமாக அமைய வேண்டும். குறுக்கே அமைந்தால் ஒரு தட்டில் முறிந்துவிடும். பாய்கிற குதிரைக்கு முன்கால் ஒரு பக்கம் மடங்கும், கழுத்து இன்னொரு பக்கம் வளையும். ஒரே கட்டையில் அத்தனைக்கும் நார் ஒத்துவராது. அதனால் தலை, கால், உடல் என்று தனித்தனியாகச் செதுக்கிப் பொருத்தினார்கள். ஈரம் காயாத மரத்தில் செய்தால் பின்னால் வெடிக்கும். இவை எல்லாம் அனுபவத்தில் கண்ட அறிவியல்.

அந்த அறிவு ஒரு குடும்பத்தில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. வெளியே போகவில்லை. தச்சர் வீட்டில் பிறந்தவன் உளியைத் தொட்டே ஆக வேண்டும், மற்றவன் தொடக் கூடாது என்ற ஏற்பாடு அது. இன்னொன்றையும் கவனியுங்கள். வாகனத்தில் உபயம் செய்தவர் பெயர் இருக்கும். செதுக்கியவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஆக, மாணவருக்கு என் பதில் இதுதான். மரத்தில் மிருகம் செதுக்கும் கலை நம்மிடம் இருந்தது. அதை யாரும் ஆசைக்குச் செய்யலாம் என்ற சுதந்திரம்தான் இல்லை.

மற்ற நாடுகளில் அந்தச் சுதந்திரத்துக்குப் பள்ளிக்கூடமும் ஒரு வழி திறந்தது. பின்லாந்து 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. சுவீடனில் ஒட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்ற ஊரில் அதற்காகவே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். கையும் கண்ணும் மனமும் சேர்ந்து வளர வேண்டும், தச்சனை உருவாக்குவது நோக்கமல்ல என்பது அவர்கள் கொள்கை. ஆசிரியர் பயிற்சி பெற்ற நமக்கெல்லாம் இது தெரிந்த கருத்துதான்.

நம் நாட்டில் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. பிள்ளைகள் ஒரு கைத்தொழிலை மையமாக வைத்துப் பள்ளியிலேயே கற்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

1953-இல் சென்னை மாநிலத்தில் நடந்தது வேறு. ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். மாநிலமே கொந்தளித்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அவர் பிறந்த விருதுநகர் அப்போது நம் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-இல்தான் பிரிந்தது.

அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கத்தான் கற்க வேண்டும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? ஆனால் அதன் பிறகு கைவேலை என்றாலே நம் பெற்றோருக்கு ஒரு ஒவ்வாமை வந்துவிட்டது என்பது என் கருத்து. நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் கைத்தொழில் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறிப்போனது. நாம் தூக்கி எறிய வேண்டியது குலம். அதோடு சேர்த்து உளியையும் எறிந்துவிட்டோம்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் மேரிலாந்து கடலோரத்தில் கிரிஸ்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்று இரண்டு சகோதரர்கள். இருவரும் முடிதிருத்தும் தொழிலாளிகள். வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டு உண்மைப் பறவைகளை ஏமாற்றி வரவழைக்க மரவாத்து வைப்பார்கள். அவற்றை இவர்கள் செதுக்கி வண்ணம் தீட்டினார்கள். 1918-இல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் விற்பனைக்காகப் பறவைகளை வேட்டையாடுவதை நிறுத்தியது. பின்னாளில் மரவாத்து கலைப்பொருளாகவே மதிக்கப்பட்டது. அந்தச் சகோதரர்கள் பெயரிலேயே நீர்ப்பறவைக் கலை அருங்காட்சியகமும் அமைந்தது. முடி திருத்திய கை மரத்தில் சிறகு செதுக்கியது. "இது உன் வேலையா?" என்று அந்த ஊர் கேட்டிருந்தால் அந்த அருங்காட்சியகம் ஏது?

நம்மிடமும் மரபு செத்துவிடவில்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள் அடுத்த ஆண்டு பெற்றன. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக நடக்கிறது. அங்கே கற்கக் குலம் கேட்பதில்லை. பரம்பரைக் கைவினைஞர்களின் பொருளை உரிய விலை கொடுத்து வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பொழுதுபோக்காகச் செய்கிறவன் அவர்களுக்குப் போட்டி அல்ல. ஒரு காதைச் செதுக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று தன் கையால் உணர்ந்தவன்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளன்.

நம் கடலோரத்தில் மரத்துக்கும் பஞ்சமில்லை. பூவரசு இருக்கிறது. கொம்பை ஊன்றினால் துளிர்க்கும் மரம். பிள்ளைகளுக்கு இலையில் பீப்பீ ஊதத்தான் தெரியும். அதே மரத்தில்தான் ஹவாய்த் தீவு மக்கள் கிண்ணம் குடைந்தார்கள். ஈஸ்டர் தீவில் கிடைத்த, இன்றுவரை யாரும் படித்தறியாத எழுத்துப் பலகைகளில் சிலவும் பூவரசுதான். மரத்தை வெட்ட வேண்டாம். காற்றில் முறிந்த கிளை போதும், நிழலில் நன்றாகக் காயவையுங்கள்.

முதலில் என்ன செதுக்கலாம்? நம் கடலின் ஆவுளியாவைச் சொல்வேன். கடற்பசு என்றும் சொல்கிறோம். கால் கிடையாது, அதனால் முறிகிற பகுதி குறைவு. ஆனால் பார்க்காமல் செய்தால் ஓங்கில் ஆகிவிடும். ஆவுளியாவுக்கு முதுகில் துடுப்பு இல்லை. கடற்புல் மேய்வதற்காக வாய் கீழ் நோக்கி வளைந்திருக்கும். செதுக்குகிற பிள்ளை இதைத் தேடித் தெரிந்துகொள்ளும். தெரிந்துகொண்ட உயிரை அது வலையில் சாக விடாது. பாக்கு விரிகுடாவில் 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பைக் காப்பாற்றப் போவது இந்தப் பிள்ளைகள்தான்.

சிறு பிள்ளைகளுக்குக் கத்தி கொடுக்க வேண்டாம், சோப்புக்கட்டியும் தேய்ந்த கரண்டியும் போதும். பெரிய பிள்ளைகளுக்கு உளி, கொட்டாப்புளி, உப்புத்தாள், பக்கத்தில் ஒரு பெரியவர். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயில் வாகனத்தைச் செய்த தச்சர் பெயர் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். உபயதாரர் பெயர் வேண்டாம், அது ஏற்கெனவே தகட்டில் இருக்கிறது.