மூன்று பென்னி அபராதம்

1888ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் 'தி லிங்க்' என்னும் சிறு வார இதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. கிழக்கு லண்டனின் போ பகுதியில் இயங்கிய பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண்களையும் சிறுமியரையும் சந்தித்து, அவர்கள் வாய்மொழியாகக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதப்பட்டது அது. எழுதியவர் அன்னி பெசன்ட். ஐந்தாண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கு வந்து, 1907இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவராகப் பொறுப்பேற்ற அதே அம்மையார்தான். தன்னாட்சி இயக்கத்தின் தலைவராக நாம் அறிந்த பெசன்டுக்கு முன்பு, தொழிற்சாலை வாசலில் நின்று கூலிக்கணக்குக் கேட்ட சோசலிஸ்ட் பெசன்ட் ஒருவர் இருந்தார்.

அக்கட்டுரையில் அந்த ஆலையின் அபராதங்கள் எடுத்துரைக்கப்படுகின்றன. காலில் அழுக்கு இருந்தால் மூன்று பென்னி. பெஞ்சுக்கு அடியில் தரை ஒழுங்கின்றிக் கிடந்தால் அதற்கும் மூன்று பென்னி. வேலையின்போது பற்றிக்கொண்ட குச்சிகளைப் பெஞ்சின்மேல் வைத்ததற்கு ஒரு ஷில்லிங். அதே கட்டுரை காட்டும் பதினாறு வயதுப் பெண்ணொருத்தியின் வாரக்கூலி நான்கு ஷில்லிங், அதாவது 48 பென்னி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கொண்டால் நாளொன்றுக்கு எட்டு பென்னி. தரையில் கிடந்த குப்பைக்கு ஒரு நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பறிபோயிற்று. அவள் செய்த வேலையின் அளவுக்கே கூலி பெறுபவள். கூட்டிப் பெருக்கும் நிமிடங்களுக்குக் கூலி கிடையாது. கூட்டினாலும் இழப்பு, கூட்டாவிட்டாலும் இழப்பு. அதே ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கு இருபது விழுக்காட்டுக்கு மேல் ஈவுத்தொகை வழங்கி வந்தது.

இந்தப் பட்டியலை மட்டும் வாசிக்கும் ஒருவர், தூய்மையில் இத்துணை அக்கறை கொண்ட ஆலை வேறில்லை என்று எண்ணக்கூடும். அந்தத் தூய்மை எதைக் காணத் தவறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

எங்கே உரசினாலும் பற்றும் தீக்குச்சி 1830களில் ஐரோப்பாவில் பரவியது. அதன் தலைப்பகுதியில் இருந்தது வெள்ளை பாஸ்பரஸ். மருந்தில் குச்சிகளை முக்கும் அறையிலும், அவற்றை உலர்த்தி எடுத்துப் பெட்டியில் அடைக்கும் அறைகளிலும் அதன் ஆவி நிறைந்திருக்கும். அது உள்ளே சென்று தாடை எலும்பைத் தாக்கும். சொத்தைப் பற்கள் அதற்கு வழிதிறந்துவிடும் என்று அக்கால மருத்துவர்கள் கருதினர். முதலில் பல்வலி, பிறகு ஈறு வீக்கம், பிறகு சீழ். எலும்பு உயிரோடு இருக்கும்போதே செத்து அழுகும். அந்த நாற்றத்தால் நோயாளியை அண்டுவோர் குறைவர். தாடையை அறுத்தெடுப்பதே பல வேளைகளில் எஞ்சிய சிகிச்சை. அதற்குப் பின்னும் பலர் பிழைக்கவில்லை. தொழிலாளர் பேச்சுவழக்கில் இதற்கு 'ஃபாஸி ஜா' என்று பெயர்.

இது அறியாமையால் நேர்ந்த கொடுமை அன்று. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இலேயே இந்நோயை விவரித்து எழுதிவிட்டார். மாற்றுவழியும் அப்போதே தென்பட்டுவிட்டது. அதே 1840களில் ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் நஞ்சற்ற சிவப்பு பாஸ்பரஸைத் தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தார். பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டைக்கு மாற்றும் கருத்தை ஸ்வீடனின் பாஷ் 1844இல் முன்வைத்தார். லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் அதனைத் தொழிலாக வளர்த்தனர். இன்று நம் சமையலறையில் உள்ள தீப்பெட்டியின் முன்னோடி அதுவே. அந்தப் பாதுகாப்புத் தீக்குச்சியின் பிரித்தானியக் காப்புரிமையை 1855இல் வாங்கிய நிறுவனம் எது என்றால், பிரையண்ட் அண்ட் மே தான்.

ஆக, நஞ்சில்லாத குச்சியைச் செய்யும் உரிமை அவர்கள் கையிலேயே இருந்தது. அதையும் செய்தார்கள், நச்சுக் குச்சியையும் செய்தார்கள். எங்கும் உரசத்தக்க மலிவான குச்சியையே சந்தை விரும்பிற்று. சந்தை விரும்பியதை ஆலை செய்தது. விலையைத் தாடைகள் கொடுத்தன.

*

பெசன்டின் கட்டுரை வந்ததும், அது பொய் என்று கையெழுத்திடுமாறு நிர்வாகம் தொழிலாளரை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஜூலைத் தொடக்கத்தில் ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டதும் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர். பெசன்ட் வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்டவர் அல்லர். நுகர்வோர் அந்தப் பெட்டிகளை வாங்காமல் புறக்கணிக்க வேண்டும் என்பதே அவர் நினைத்த வழி. முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்களே என்பதை லூயிஸ் ரா போன்ற பிற்கால ஆய்வாளர்கள் வலியுறுத்தியுள்ளனர். கிளர்ச்சி தொடங்கிய பின் அவர் நிதி திரட்டினார், எழுதினார், உடன் நின்றார்.

அந்த மாதத்தின் நடுவிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதங்கள் ஒழிந்தன. கூடவே வேறொன்றும் கிடைத்தது: உணவு உண்ணத் தனி அறை. அதுவரை பாஸ்பரஸ் ஆவி சூழ்ந்த வேலையறையிலேயே ரொட்டியைத் தின்று வந்தவர்கள் அவர்கள். பெஞ்சுக்கு அடியில் கிடந்த குப்பையைக் கண்ட நிர்வாகத்துக்கு, ரொட்டியின்மேல் படிந்த நஞ்சு தென்படவில்லை. அதைக் கண்டு சொன்னவர்கள், அபராதம் கட்டிய அப்பெண்களே. ஒரே ஆலையில் இரண்டு தூய்மைகள் மோதின என்று கூறலாம். ஒன்று மேற்பார்வையாளரின் கண்ணுக்கானது; அது தண்டனையாக மேலிருந்து வந்தது. மற்றொன்று உழைப்பவரின் மூச்சுக்கும் வாய்க்கும் உரியது; அது கோரிக்கையாகக் கீழிருந்து எழுந்தது.

எனினும் தனி அறையால் நஞ்சு நீங்கிவிடவில்லை. அடுத்த பத்தாண்டுகளின் விதிகள் காற்றோட்டம், கைகழுவும் வசதி, பல் பரிசோதனை என்றே சென்றன. பயனற்றவை அல்ல இவை. ஆனால் நஞ்சை அதன் இடத்தில் இருக்கவிட்டு உழைப்பவரின் உடலைத் திருத்த முயன்றவை. பல்வலி என்று சொன்ன பெண், பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் வேலை போகும். எனவே அவள் வலியை மறைத்தாள். ஆலை நோயையே மறைத்தது. பாஸ்பரஸ் நோயை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்திருந்தும், பிரையண்ட் அண்ட் மே பதினேழு பேரின் நோயை மறைத்தது 1898இல் வெளிப்பட்டது. அவர்களுள் ஆறு பேர் இறந்திருந்தனர். நீதிமன்றம் விதித்த தொகை, செலவு உட்பட, 25 பவுண்டு 9 ஷில்லிங். தரைக் குப்பைக்கு மூன்று பென்னி வாங்கிய நிறுவனத்துக்கு ஆறு உயிர்களுக்கான அபராதம் அவ்வளவே.

முடிவு, பொருளை மாற்றியதில்தான் வந்தது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளை பாஸ்பரஸ் குச்சிகளைத் தடை செய்துவிட்டன. 1891இல் இரட்சணிய சேனை அதே கிழக்கு லண்டனில் ஓர் ஆலை தொடங்கி, சிவப்பு பாஸ்பரஸ் கொண்டு, கூடுதல் கூலி கொடுத்தும் குச்சி செய்ய முடியும் என்று காட்டியது. 1898இல் பிரான்சில் இரு வேதியியலாளர்கள் எங்கும் உரசத்தக்க, நச்சற்ற கலவையொன்றை உருவாக்கியதும் எஞ்சிய சாக்கும் போயிற்று. 1901இல் பிரையண்ட் அண்ட் மே வெள்ளை பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று; பிரித்தானியாவின் தடைச்சட்டம் 1908இல் நிறைவேறி 1910இல் நடைமுறைக்கு வந்தது.

*

இந்தியாவில் அத்தகைய சட்டம் 1913இல் இயற்றப்பட்டது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920களின் தொடக்கத்தில். எனவே நம் சிவகாசி, தன் வேறு துயரங்கள் அனைத்தோடும், இந்த ஒன்றிலிருந்து தப்பிற்று. அங்கே தாடைகள் அழுகவில்லை என்றால், அங்குள்ளோர் கூடுதலாகக் கைகழுவினர் என்பது காரணமன்று. அந்த நஞ்சு உள்ளே நுழையவே சட்டம் இடம்தரவில்லை.

ஆயினும் கூட்டுதலும் பெருக்குதலும் வெறும் சடங்கு என்று முடிவு செய்துவிடலாகாது. பட்டாசு அறையில் தரையில் சிந்திய மருந்து, ஒரு காலடியின் உராய்வில் பற்றக்கூடியது; அங்கே பெருக்குவது உயிர்காக்கும் வேலை. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒருவர் அதற்கென ஒதுக்கும் நிமிடங்களுக்குக் கூலி தருபவர் யார் என்ற கேள்வி, போ பகுதியில் எழுந்த அதே கேள்விதான். அந்த நிமிடங்கள் கூலிக்கணக்கில் ஏறாதவரை, சுவரில் எழுதிய விதி சுவரிலேயே இருக்கும்.

இன்று பெரிய ஆலைகளின் நுழைவாயிலில் தூய்மை, ஒழுங்கு, பாதுகாப்பு என்ற சொற்கள் பெரிய எழுத்துகளில் வரவேற்கின்றன. தரையில் மஞ்சள் கோடுகள், கருவிகளுக்கெல்லாம் குறித்த இடம். நல்லவையே. அவற்றை மதிப்பிட ஓர் எளிய அளவுகோலை அந்தத் தீப்பெட்டிப் பெண்கள் விட்டுச் சென்றுள்ளனர்: இந்த விதி யாருடைய கண்ணுக்காக, மீறினால் யாருடைய கூலி குறைகிறது, அவர்கள் எங்கே அமர்ந்து உண்கிறார்கள்?

போ பகுதியின் ஆலைக் கட்டடங்கள் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டன. 1888ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் நீலநிறப் பலகையொன்று 2022இல் அங்கே பதிக்கப்பட்டது.