சென்னை மாகாணப் படைத்தலைவர்களின் உருவ ஓவியங்கள்

படைத்தலைவர்களை முழுச் சீருடையில் நிற்கவைத்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது ஐரோப்பிய அரசவைகளின் நெடுநாள் வழக்கம். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வளர்ச்சியோடு, 18ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தமிழகத்திலும் கால் ஊன்றியது.

ஓவியர்களின் வருகை

1769இல் டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியர் சென்னைக்கு வந்து, ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவை வரைந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் வில்லிசன் நவாபின் உருவத்தைப் பலமுறை தீட்டினார். அயர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹிக்கி, 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஈடுபட்ட கம்பெனி அதிகாரிகளையும் திப்பு சுல்தானின் மகன்களையும் வரைந்தார்.

படத்தைப் படிக்கும் முறை

இத்தகைய படங்களில் சிவப்பு மேலங்கி, சரிகை வேலைப்பாடு, இடையில் வாள் ஆகியவை பதவியைக் காட்டும். பின்னணியில் தெரியும் பீரங்கி, கோட்டை, போர்ப்புகை ஆகியவை வெற்றியைச் சொல்லும். ஆகவே இவை முகச்சாயலை மட்டும் காட்டும் படங்கள் அல்ல. அதிகாரத்தின் அறிவிப்புகளும் ஆகும்.

இரு படைத்தலைவர்கள்

கம்பெனிப் படையை ஒழுங்குபடுத்திய ஸ்டிரிஞ்சர் லாரன்ஸை, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர்களான ரெனால்ட்ஸ், கெயின்ஸ்பரோ இருவரும் வரைந்துள்ளனர். அவர் தலைமையில் திருச்சிராப்பள்ளிப் போர்களில் பெயர் பெற்றவர் மருதநாயகம் என்னும் யூசுப்கான். கம்பெனிச் சிப்பாய்களின் கமாண்டண்டாக உயர்ந்த அவர், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிருவகித்தார். பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்ததால், 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இன்று அவருடையதாக நாம் காணும் படங்கள் பிற்காலக் கற்பனையே. ஒரே போர்க்களத்தில் நின்ற இருவரில் ஒருவரின் முகம் லண்டனில் இருக்கிறது. மற்றவரின் முகத்தை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மெக்கன்சியின் படம்

1816இல் ஹிக்கி வரைந்த கர்னல் காலின் மெக்கன்சியின் படம் இதிலிருந்து வேறுபட்டது. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான அவர் சிவப்புச் சீருடையில் நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றி மூன்று இந்திய உதவியாளர்கள் உள்ளனர். ஒருவர் கையில் தொலைநோக்கி. மற்றொருவர் கையில் ஓலைச்சுவடி. பின்னணியில் குன்றின் மேல் சமணச் சிலை தெரிகிறது. ஊர் ஊராகச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டியவர்கள் இத்தகைய உதவியாளர்களே. அத்தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஓவியம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

மாணவர்களுக்கு

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தின் ஓவியக்கூடத்தில் இவ்வகைப் பெரிய உருவப்படங்களை நேரில் காணலாம். அங்கே செல்லும் மாணவர்கள், நடுவில் நிற்பவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஓரத்தில் நிற்பவர் யார், படத்தில் இடமே பெறாதவர் யார் என்றும் கேட்க வேண்டும். வரலாற்றுப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.