ஆப்பும் ஆலய நுழைவும்: செல்லூர்த் தலபுராணம் எழுப்பும் கேள்வி

மதுரையில் வைகையின் வடகரையில், கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற செல்லூரில் அமைந்துள்ளது திருவாப்புடையார் கோயில். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பாண்டிநாட்டுத் தலங்களுள் இது ஒன்று. இறைவன் பெயர் ஆப்புடையார். அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் தலபுராணம், ஆலய நுழைவுரிமை குறித்துச் சிந்திப்போர் ஊன்றிக் கேட்கத்தக்கது.

சிவபூசை செய்யாமல் உண்ணாத பாண்டிய மன்னன் ஒருவன் வேட்டைக்குச் சென்றான். காட்டில் லிங்கம் எதுவும் இல்லை. மன்னனோ பசியால் களைத்திருந்தான். அமைச்சர் ஒரு மர ஆப்பைத் தரையில் அறைந்து, அதைச் சுயம்பு லிங்கம் என்றார். மன்னன் வழிபட்டு உண்டான். பின்னர் உண்மை தெரிந்து கலங்கியவன், தன் பக்தி மெய்யெனில் இந்த ஆப்பிலேயே எழுந்தருள வேண்டும் என மன்றாடினான். இறைவன் அவ்வாறே வெளிப்பட்டார் என்கிறது புராணம்.

இது மன்னனைப் போற்றும் கதையே. சாதி மறுப்புக் கதையன்று. எனினும் அதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. வழிபடுவோரின் அன்பால் வெறும் மரத்துண்டு தெய்வமாகும் எனில், வழிபட வருவோரின் பிறப்பால் தெய்வம் தீட்டுப்படும் என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்கேள்வி ஆற்றின் மறுகரையில் வரலாறாகவே எழுந்தது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத அய்யர் தலைமையில் பி. கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் ஐவரும், நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். கோயில் தீட்டுப்பட்டதாகக் கூறிப் பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தனர். மக்கள் நுழைந்த பிறகே சட்டம் வந்தது: ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த சென்னை மாகாணச் சட்டம் அதே ஆண்டிலும், விரிவான சட்டம் 1947இலும் இயற்றப்பட்டன.

இன்று தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்துள்ளது. பொதுக் கோயில்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டமியற்ற 25(2)(ஆ) பிரிவு வழிசெய்கிறது. இவ்வுரிமைக்கு முன்னால் சமயப் பிரிவினரின் தன்னாட்சி உரிமை முழுமையான தடையாகாது என வெங்கடரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொது வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

ஆயினும் நகரத்துப் பெருங்கோயிலில் கிடைத்த உரிமை, ஊர்க் கோயிலை எட்டுவதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அங்குள்ள முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைந்தது 2011 நவம்பரில்தான். மீனாட்சியம்மன் கோயில் நுழைவுக்கும் இதற்கும் இடையே 72 ஆண்டுகள்.

எனவே தடுக்கப்படுவோர் நாள், நேரம், தடுத்தவர், சொன்ன சொல், சாட்சி ஆகியவற்றை உடனே எழுதிவைத்துப் புகாரளிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது அச்சட்டத்தின் 18-ஏ பிரிவு. “விசாரித்துவிட்டுப் பார்க்கலாம்” என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பினால், இப்பிரிவைச் சுட்டிப் பதிவு செய்யக் கோருங்கள்.

செல்லூர்க் கோயிலில் ஆப்புடையாரை வணங்குவதும் வணங்காமல் திரும்புவதும் அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தை வாசலில் நின்று பிறர் முடிவு செய்யக்கூடாது என்பதே ஆலய நுழைவுப் போராட்டத்தின் சாரம்.